ஓவியர் பாடும் கன்ட்ரி ஆல்பம்: கேட்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஓவியர், சிற்பி, நேரம் கிடைத்தால் பாட்டும் எழுதுவார்." அமெரிக்க நாட்டுப்புற மணம் வீசும் கன்ட்ரி இசையில் பாடும் டெரி ஆலனை அறிமுகம் செய்யச் சொன்னால் முதலில் வாயில் வருவது இதுதான். நானும் சொல்லியிருக்கிறேன். தப்பு.

1943-ல் பிறந்து, மேற்கு டெக்சாஸின் லபக் நகரில் வளர்ந்தவர் ஆலன். அம்மா தொழில்முறைப் பியானோ கலைஞர். அப்பா பழைய பேஸ்பால் ஆட்டக்காரர். பிறகு ஊரில் மல்யுத்தமும் கச்சேரியும் நடத்தினார். ஆக, பாட்டு வீட்டிலேயே இருந்தது. ஓவியம் படிக்கத்தான் லாஸ் ஏஞ்சலிஸ் போனார். 1975-ல் வந்த 'ஹுவாரெஸ்' ஆல்பத்தோடு அவர் வரைந்த லித்தோகிராஃப் (கல்லச்சு) படங்களும் சேர்ந்தே வந்தன. அதே கதை பின்னாளில் ஓவியமாக, அறையையே நிரப்பும் இன்ஸ்டலேஷன் கலைப்படைப்பாக, வானொலி நாடகமாகத் திரும்பத் திரும்ப வந்தது. எது கச்சேரி, எது பக்கவாத்தியம் என்று பிரிக்கப் போனால் நமக்குத்தான் தலைவலி.

'ஹுவாரெஸ்' ஆல்பத்தை ஷஃபிளில், அதாவது பாட்டு வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேட்டால் ஒன்றும் புரியாது. ஒரு மாலுமியும் அலீஸ் என்ற பெண்ணும் மெக்சிகோவின் டிஹுவானாவில் கல்யாணம் செய்துகொண்டு கொலராடோவுக்குப் போகிறார்கள். இன்னொரு ஜோடி லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து அங்கே வந்து சேர்கிறது. கொலை விழுகிறது, எல்லைக்கு ஓட்டம். பெரும்பாலும் ஒரு குரல், ஒரு பியானோ, அவ்வளவுதான். பாட்டில் 'நான்' என்று வருவதையெல்லாம் பாடகரின் சொந்தக் கதையாக எடுத்துக்கொண்டால் ஆலனைச் சிறைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

அப்புறம் பெடல் ஸ்டீல் என்ற கிட்டார் வகை. 1979-ல் வந்த, லபக்கைப் பற்றிய இரட்டை ஆல்பத்தில் லாயிட் மெய்ன்ஸ் வாசித்தது. பழைய சினிமாப் பாட்டு கேட்ட காது உடனே 'ஹவாயன் கிட்டார்' என்று சொல்லிவிடும். ரத்த உறவு உண்மைதான், ஆனால் இது வேறு பிள்ளை. கையிலுள்ள இரும்புத்துண்டு கம்பிமேல் நழுவும்போதே, கால் மிதியும் முழங்கால் நெம்புகோலும் குறிப்பிட்ட கம்பிகளை மட்டும் இழுக்கும். ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்க, பக்கத்து ஸ்வரம் மட்டும் மெல்ல மேலேறும். அந்த அழுகையைக் கேட்டதும் சோகப் பாட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதன்மேல் ஆலன் முழுக்கக் கிண்டலாகப் பாடிக்கொண்டிருப்பார். சரி, ஊரைக் கேலி செய்கிறார் என்று நினைப்பதும் பாதிதான் சரி. பிடிக்காமல் விட்டுப் போன ஊர் அது. பதிவுக்காக அங்கேயே திரும்பி வந்தார். பாட்டுகளைக் கேட்டால் அந்த ஊர்மீது அவருக்கு இருந்த பாசம் மறைவதில்லை.

புது ஆல்பத்தைப் பழையதோடு வைத்து நிறுப்பது இன்னொரு தப்பான வழக்கம். 2013-க்குப் பிறகு அவருடைய புதுப் பாட்டுகள் 2020-ல்தான் 'ஜஸ்ட் லைக் மோபி டிக்' ஆல்பமாக வந்தன. முதல் பாட்டே மந்திரவாதி ஹூடினியைப் பற்றியது. நடுவில் அமெரிக்கப் பிள்ளைப்பருவத்தையும் போரையும் பற்றி மூன்று பாட்டுகள் தொடராக வரும். மூன்றையும் ஒரே மூச்சில் கேளுங்கள்; நடுவில் போன் அடித்தால் எடுக்காதீர்கள்.