கார்க் கதவு ஸ்பீக்கரை மாற்றும் முறை

காருடன் வந்த கதவு ஸ்பீக்கரை மாற்ற விரும்புவோர், புதியதை வாங்கும் முன் பழையதைக் கழற்றி அளந்து பார்ப்பது நல்லது. பல கார்களின் முன்கதவில் 6.5 அங்குல ஸ்பீக்கர் அமர்ந்துவிடும் என்றாலும், அதன் காந்தம் மிகவும் பின்னோக்கி நீண்டிருந்தால், இறக்கப்படும் கண்ணாடி அதில் இடிக்கும். ஆகவே விட்டத்தைவிட ஆழத்தையே முதலில் பார்க்க வேண்டும். பழைய ஸ்டீரியோவையே வைத்துக்கொள்வதானால், அது தாங்கும் மின்தடை (ஓம்) அளவுக்குப் பொருந்துவதும், உணர்திறன் (கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு) 90 டெசிபெல்லுக்குக் குறையாததுமான ஸ்பீக்கரே ஏற்றது. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் உச்ச வாட் எண் இதற்கு உதவாது.

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, கைப்பிடிக் குழியில் மூடிக்குள் மறைந்திருக்கும் திருகுகளை அகற்றி, கதவுப் பலகையின் கிளிப்புகளைப் பிளாஸ்டிக் நெம்பியால் விடுவிக்கவும். பழைய ஸ்பீக்கர் ரிவெட்டால் பிணைக்கப்பட்டிருந்தால், ரிவெட்டின் தலையைத் துளையிட்டு நீக்கி, இரும்புத் துகள்களை உடனே துடைத்துவிட வேண்டும். அவை காந்தத்தில் ஒட்டினால் கரகரப்பு தீராது.

வயர்களின் நிறத்தை நம்பாமல், 1.5 வோல்ட் பேட்டரியைப் பழைய ஸ்பீக்கரின் முனைகளில் நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள்: கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனையே பாசிட்டிவ்; அதில் இருந்த வயரையே புதிய ஸ்பீக்கரின் பாசிட்டிவ் முனையில் இணைக்கவும். ஒரு கதவில் இது மாறிப்போனாலும் பாஸ் ஒலி மெலிந்துவிடும்.

புதிய ஸ்பீக்கரைக் கதவில் பொருத்த உதவும் அடாப்டர் வளையத்துக்கும் கதவின் தகட்டுக்கும் இடையே நுரைப்பட்டை ஒட்டுங்கள். மழைநீரைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் மீண்டும் ஒட்டி, பேட்டரி இணைப்பைத் திரும்ப மாட்டி, பாட்டு ஒலிக்கக் கண்ணாடியை ஏற்றி இறக்கிச் சோதித்த பிறகே பலகையை மூடவும்.