அப்பாவின் புல்லட்டில் லடாக் போக நினைப்பவர்கள் முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து லடாக் பைக் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் ஜாக்கெட், கையுறை, ஆக்சிஜன் சிலிண்டர் என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் லே கடைத்தெருவில் கிடைக்கும், பாதி வாடகைக்கே கிடைக்கும், எழுத ஒன்றும் இல்லை. முதலில் யோசிக்க வேண்டியது எந்த வண்டி, அது யார் பேரில் இருக்கிறது, உங்கள் கையில் என்ன லைசென்ஸ் இருக்கிறது என்பதைத்தான். இந்த முறை லீவில் பாதிக்கு மேல் சென்னையில் ஒரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலேயே போய்விட்டது. மணாலியிலிருந்து லே வரை ஓட்டிப் போக வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்திருந்தது நடக்கவில்லை.

லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய இந்திய லைசென்ஸ் பர்ஸில் கிடக்கிறது என்று தைரியமாக வராதீர்கள். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் வெறும் புதுப்பித்தல் கிடையாது, மறுபடி டெஸ்ட்டுக்குப் போக வேண்டும், புதிதாக எல்.எல்.ஆர். எடுத்தால் 30 நாள் கழித்துத்தான் எட்டு போட விடுவார்கள். குறுகிய லீவில் இது ஆகாது. நீங்கள் இருக்கும் நாட்டிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள். அதில் மோட்டார் சைக்கிள் கட்டத்தில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், காருக்கு மட்டும் வாங்கிவிட்டுப் புல்லட் ஓட்டினால் விபத்து நடக்கும்போது இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிடுவார்கள்.

சரி, வண்டிக்கு வருவோம். எங்கள் அப்பாவுடையது 1994-ல் வாங்கிய 350 சிசி புல்லட். திருவொற்றியூரில் செய்தது. 1950-களின் நடுவிலிருந்து அங்கிருந்த தொழிற்சாலையில்தான் புல்லட் செய்தார்கள், ராணுவத்தின் தேவைக்காகத்தான் அது இந்தியாவுக்கே வந்தது. பெரம்பூரில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கிக் அடித்தால் எதிர்வீட்டுப் பாட்டி காபி போட எழுந்துவிடுவார். கடற்கரை ஓரத்தில் பிறந்த அந்த வண்டியை, லேக்கு மேலே இருக்கும் கர்துங் லா என்ற மலைக்கணவாயின் உச்சியில் நிறுத்த வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அவர் போகவில்லை, நான் கொண்டுபோகலாம் என்று வந்தேன்.

வண்டி இன்னும் அப்பா பேரில்தான் இருந்தது.

உரிமையாளர் இறந்துவிட்டால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். எத்தனை வீடுகளில் இது நடக்கிறது? இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்ட பத்திரம், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், இவ்வளவும் வேண்டும். வண்டிக்கு 15 வயது தாண்டியிருந்தால் எஃப்.சி. பார்த்து ஐந்து ஐந்து வருடமாகப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும், பசுமை வரியும் கட்டியிருக்க வேண்டும். பழைய புத்தக ஆர்.சி. என்றால் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது, அதை ஏற்றத் தனியாக ஒரு மனு.

எங்கள் ஆர்.சி. மடிப்பில் கிழிந்து, அப்பா அதற்கு லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எஞ்சின் நம்பரில் கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று கேட்டார். வெளியே மர நிழலில் ஒரு பையன் எஞ்சினில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பரை எடுத்துக் கொடுத்தான். அது எட்டு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அடுத்த கேள்வி வந்தது: "சார், வாரிசு சான்றிதழ்ல உங்க பேருக்கு முன்னாடி ஒரு இனிஷியல்தான் இருக்கு. பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா பின்னாடி வருது. ரெண்டும் ஒரே ஆள்னு நாங்க எப்படி எடுத்துக்கறது?"

வெளிநாட்டில் குடியுரிமை வாங்கிய ஒவ்வொரு தமிழருக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. அங்கே குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்ப அப்பா பெயரைப் போட்டிருப்போம், இங்கே எல்லாத் தாளிலும் ஒற்றை எழுத்து. இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கி, பள்ளி டி.சி. நகலையும் எடுத்துக்கொண்டே ஊருக்கு வாருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருப்பவர்களுக்கு ஆதாரும் லேசில் கிடைக்காது, கடந்த 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். ஆதார் இல்லையென்றால் ஓ.டி.பி. வராது, ஓ.டி.பி. இல்லாமல் ஆன்லைனில் பாதி வேலை நகராது. வரிசையில் நின்று நம்முடைய முறை வரும்போது சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். சாப்பாடு முடிந்து வந்தால் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மீட்டிங் போயிருப்பார். வண்டி ஓட்டத் தெரியுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

அப்புறம் அக்கா. ஆட்சேபணை இல்லை என்று அம்மாவும் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா போட்டுவிட்டார். அக்கா பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, திரும்ப மூடி மேஜையில் வைத்தாள்.

"போடறேன்டா. அதுக்கு முன்னாடி நீ வீட்டுப் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ. ஒவ்வொரு தடவையும் அடுத்த லீவு, அடுத்த லீவுங்கற."

"அக்கா, வண்டிக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? நாளைக்குப் பார்சல் ஆபீஸ் போகணும்."

"இந்த வாரிசு சான்றிதழ் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? காரியம் முடிஞ்ச கையோட தாலுகா ஆபீசுக்கு நான் தனியா அலைஞ்சேன். வண்டி துருப்பிடிக்கக் கூடாதுன்னு வாராவாரம் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஸ்டார்ட் பண்ண வச்சதும் நான்தான்."

கையெழுத்துக்குக் கையெழுத்து என்று கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழில் தேதியைப் பார்த்தேன். அப்பாவின் காரியத்துக்கு வந்துவிட்டு நான் திரும்ப வேலைக்குச் சேர்ந்திருந்த வாரம் அது. சார்பதிவாளர் ஆபீசில், வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவானது, டோக்கன், போட்டோ, கைரேகை என்று ஒரு முழுநாள். ஊருக்கு வருகிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: டிக்கெட் போடும் முன்பே கூடப்பிறந்தவர்களுக்குப் போன் செய்து, என்ன கையெழுத்து பாக்கி இருக்கிறது என்று நீங்களாகவே கேளுங்கள். மலைக்குப் போகிற தேதியை அதற்குப் பிறகு வையுங்கள்.

பெயர் மாறி வருவதற்குள் மணாலி திட்டம் போய்விட்டது. ஆர்.சி. இல்லாமல் சென்ட்ரல் பார்சல் ஆபீசில் வண்டியை ஏற்ற மாட்டார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல் இரண்டும் கொடுத்து, பெட்ரோலைச் சுத்தமாக வடித்துவிட்டு, சாக்குச் சுற்றித்தான் அனுப்ப வேண்டும். எப்படியோ லே வரை கொண்டுபோனாலும், வண்டி உங்கள் பேரில் இல்லையென்றால் வெளியூர் வாடகை வண்டியோ என்று சந்தேகப்பட்டு நிறுத்துவார்கள். மணாலியிலும் ஸ்ரீநகரிலும் வாடகைக்கு எடுத்த வண்டியை நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி பக்கம் விட லே வண்டிக்காரர்கள் சம்மதிப்பதில்லை. அந்தப் பக்கம் போக லேயில் எடுத்த வண்டிதான் வேண்டும். நான் கடைசியில் டெல்லி வழியாக விமானத்தில் போய் அங்கே புல்லட் கம்பெனியின் ஹிமாலயன் பைக் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அதுவும் நம் ஊர்ப் பக்கம் செய்த வண்டிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பழைய புல்லட்டில் பெட்ரோலையும் காற்றையும் கலப்பது கார்புரேட்டர். கர்துங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதிதான் என்பதால் பெட்ரோல் அதிகமாகப் போய் எஞ்சின் திணறும், கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் சிறு துளையான ஜெட்டை மாற்றாமல் ஏற்றக் கூடாது. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு.

சென்னையிலிருந்து நேராக லேயில் இறங்குவது உடம்புக்குப் பெரிய அடி. தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர், லே நகரம் 3,500. கொல்லிமலையின் 70 கொண்டைஊசி வளைவுகளில் கையும் காலும் பழகும், போய் ஓட்டிப் பாருங்கள், ஆனால் மூச்சு அங்கே பழகாது. இரண்டு நாள் லேயில் சும்மா இருங்கள். கூட வந்த என் பள்ளி நண்பன் முதல் நாளே சாந்தி ஸ்தூபிப் படிகளில் ஏறிவிட்டுத் தலைவலி, வாந்தி என்று படுத்தவன் கடைசிவரை வண்டியில் ஏறவில்லை. உயரத்தில் வரும் இந்தத் தொல்லைக்கு எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்டு மட்டும் எடுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் தொடவே கூடாது. மணாலி வழியாகப் போகக் கொடுத்துவைத்தவர்கள், முதல் இரவு சர்ச்சுவில் தூங்காதீர்கள், அது 4,200 மீட்டருக்கு மேல், ஜிஸ்பாவில் தங்குங்கள். ஓடைகளை மதியத்துக்கு முன் தாண்டிவிடுங்கள், வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் கூடிவிடும்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால், ஓ.சி.ஐ. இருந்தாலும், நுப்ராவுக்கும் பாங்காங்குக்கும் தனி அனுமதி வேண்டும், பதிவுபெற்ற ஏஜென்ட் மூலமாகத்தான் கிடைக்கும். சவுத் புல்லு சோதனைச்சாவடியில் அதைக் கேட்பார்கள், அதைத் தாண்டித்தான் கர்துங் லா. விமான நிலையத்தில் வாங்கும் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். நான் அக்கா மகனின் சிம்மைத்தான் வாங்கிக்கொண்டு போனேன்.

கர்துங் லா 5,359 மீட்டர். பலகையில் இன்னும் அதிகமாக எழுதியிருக்கும். கொடிகள், நெரிசல், போட்டோவுக்கு வரிசை. குளிரில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம், இறங்கிவிடுங்கள்.

புல்லட் இப்போது அக்கா பேரில் இருக்கிறது. யார் பேருக்கு மாற்றுவது என்று கடைசிப் படிவத்தில் கேட்டபோது நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். 2021-லிருந்து ஆர்.சி.யில் நாமினி பேர் சேர்க்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டில் யார் பேரில் எந்த வண்டி இருந்தாலும், அவர்கள் நன்றாக இருக்கும்போதே ஆன்லைனில் அதைச் சேர்த்துவிடுங்கள். நாமினியாக ஊரில் இருப்பவர் பேரைப் போடுங்கள், உங்கள் பேர் வேண்டாம்.