புது காரில் கூலன்ட் குறைகிறதா? ஊற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பானெட்டைத் திறந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்கில் மட்டம் MIN என்ற குறைந்தபட்சக் கோட்டுக்கு இறங்கியிருக்கிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, சூடு காட்டும் முள்ளும் நடுவிலேயே நிற்கிறது. கேட்டால் பலரும் சொல்லும் பதில், "சூட்டுக்கு ஆவியாகியிருக்கும், கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள்."

அதைக் கேட்டு உடனே ஊற்றிவிடாதீர்கள். கூலன்ட் ஓடும் பாதை மூடிய பாதை. குக்கர் மாதிரி அழுத்தத்தோடு வேலை செய்வது. கூலன்ட் டேங்கின் மூடியில் உள்ள ஸ்பிரிங் வால்வு, அழுத்தம் எல்லை மீறினால் மட்டுமே திறக்கும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டம் மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையாது. குறைகிறதென்றால் எங்கோ ஒரு வழியில் வெளியேறுகிறது.

நியாயமான விதிவிலக்கு ஒன்று உண்டு. முதல்முறை நிரப்பும்போது ஹீட்டர் குழாய்களிலும் எஞ்சினுக்குள்ளும் காற்று தங்கிவிடலாம். வண்டி ஓட ஓட அந்தக் காற்று டேங்குக்கு வந்து சேரும், அந்த இடத்தைக் கூலன்ட் பிடிக்கும், மட்டம் கொஞ்சம் இறங்கும். ஆனால் அது ஆரம்பத்தில் ஒருமுறை இறங்கி அதோடு நின்றுவிடும். தொடர்ந்து இறங்கினால் காற்றின் மேல் பழி போட முடியாது.

தொடங்கும் முன்

எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. அழுத்தம் இருப்பதால் 100 டிகிரிக்கு மேலும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணமே அது கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் ஆறட்டும், இரவு முழுக்க நின்ற வண்டி என்றால் இன்னும் நல்லது. எஞ்சினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும் கார்கள் உண்டு, அதனால் அந்தப் பக்கம் விரல் போக வேண்டாம்.

இன்னொன்று: பெரும்பாலான கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம், ஆனால் இனிக்கும். சிந்தினால் உடனே துடையுங்கள். குழந்தைகளும் நாய் பூனைகளும் நக்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

படி 1: மட்டத்தைக் குறித்து வையுங்கள்

காகித டேப் ஒரு துண்டை டேங்கின் மேல் நெடுக்குவாட்டில் ஒட்டுங்கள். காலையில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன், ஒவ்வொரு முறையும் அதே சமதளத்தில் நிற்கும்போது கூலன்ட் மட்டத்துக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியும் ஓடிய கிலோமீட்டரும் எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஆறிய பிறகு", "அதே இடத்தில்" என்ற இரண்டையும் விட்டுவிட்டால் அளந்ததற்கே அர்த்தமில்லை. கூலன்ட் சூட்டில் விரியும். 6 லிட்டர் கொள்ளும் அமைப்பில் குளிர்ந்த நிலைக்கும் ஓடி முடித்த நிலைக்கும் கால் லிட்டர் அளவுக்கு வித்தியாசம் வரலாம். மாலையில் சூடாகப் பார்த்து மறுநாள் காலையில் குளிராகப் பார்த்துவிட்டு "ஒரே ராத்திரியில் இவ்வளவு போய்விட்டதே" என்று பதறுபவர்கள் நிறையப் பேர்.

இரண்டு வாரம், அல்லது 500 கி.மீ., இதே மாதிரி குறித்து வாருங்கள். கோடுகள் ஒரே இடத்தில் நின்றால் நிம்மதி. ஒவ்வொரு கோடும் முந்தையதற்குக் கீழே விழுந்தால் அடுத்த படிக்குப் போங்கள். மேக்ஸ் (MAX) கோட்டிலிருந்து MIN கோட்டுக்கு ஒரே வாரத்தில் இறங்கினால் காத்திருக்கவே வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டரை அழையுங்கள்.

டாஷ்போர்டு முள்ளை நம்பி இருக்காதீர்கள். பல கார்களில் எஞ்சின் வெப்பம் பத்து இருபது டிகிரி ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். மட்டம் ரொம்பக் குறைந்து சென்சார் காற்றில் நின்றுவிட்டால் காட்டும் வெப்பமே தவறாகிவிடும்.

படி 2: ஈரத்தைத் தேடாதீர்கள், படிவைத் தேடுங்கள்

அடியில் சொட்டு இல்லை என்பதால் லீக் இல்லை என்று ஆகாது. மெதுவாகக் கசியும் கூலன்ட் சூடான உலோகத்தில் பட்டதும் நீர் ஆவியாகிவிடும். மிஞ்சுவது சுண்ணாம்பு பூசியது போன்ற ஒரு படிவு, வெள்ளையாகவோ கூலன்டின் வெளிறிய நிறத்திலோ. விரலால் தேய்த்தால் பொடியாக வரும், அதன் ஓரத்தில் லேசான பிசுபிசுப்பு இருக்கும். புது காரில் எஞ்சின் இன்னும் சுத்தமாக இருப்பதால் இந்தத் தடம் பளிச்சென்று தெரியும். அதனால் இதை முடிக்கும்வரை எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவ விடாதீர்கள்.

நல்ல டார்ச்சும் சின்னக் கைக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு இந்த வரிசையில் பாருங்கள்.

- ஹோஸ் (ரப்பர் குழாய்) முனைகள்: ஸ்பிரிங் கிளாம்ப் சாய்ந்திருக்கிறதா, குழாயின் விளிம்பில் போய் உட்கார்ந்திருக்கிறதா? புது காரில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.
- ரேடியேட்டரின் இரு பக்கமும்: பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் மடித்துச் சேர்க்கப்பட்ட கோடு நெடுக. கீழே உள்ள டிரெயின் பிளக்கையும் விட்டுவிடாதீர்கள்.
- தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) இருக்கும் கூடு: பல எஞ்சின்களில் இது பிளாஸ்டிக். சீல் சரியாக உட்காராவிட்டால் கசியும்.
- வாட்டர் பம்ப்: சுழலும் தண்டைச் சுற்றியுள்ள ஷாஃப்ட் சீல் பழுதானால் தெரியட்டும் என்றே உடம்பில் ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். அதைச் சுற்றி லேசான கறை மட்டும் என்றால் பயமில்லை. கீழ்நோக்கி வழிந்த தடம் இருந்தால் பம்ப் மாற்ற வேண்டியதுதான்.
- டர்போ இருந்தால் அதற்குப் போகும் மெல்லிய கூலன்ட் குழாய்களின் மூட்டுகள்.
- கூலன்ட் டேங்கின் ஒட்டுக் கோடும் மூடியின் கழுத்தும்.

அடியில் உண்மையிலேயே ஈரம் இருந்தால், வெள்ளைக் காகிதத்தில் ஒற்றிப் பாருங்கள். நிறமில்லை, வாசனையில்லை, விரலில் வழுக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஏசி நீர்தான். நிறமும் இனிப்பு வாடையும் வழுக்கலும் இருந்தால் கூலன்ட்.

படி 3: உட்புறம்

முன் இருக்கைகளின் கால்மிதியைத் தூக்கி, அடியில் உள்ள கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள். ஈரம், இனிப்பு வாடை, ஹீட்டர் போட்டதும் முன்கண்ணாடியில் துடைத்தாலும் எண்ணெய்ப் படலம் போல் மூட்டம் என்றால் ஹீட்டர் கோர் (டாஷ்போர்டுக்குள் இருக்கும், உட்புறத்தைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) கசிகிறது.

படி 4: மூடி

ஆறிய எஞ்சினில் மூடியைக் கழற்றி ரப்பர் வளையத்தில் வெட்டோ மணலோ இருக்கிறதா பாருங்கள். மூடியின் மேல் அழுத்த எண் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் (bar, அழுத்த அலகு) வரை. வால்வு அதற்கு முன்பே திறந்தால், ஒவ்வொரு நீண்ட ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நீராவியாகப் போகும், எங்கும் தடம் கிடைக்காது. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சர்வீஸ் சென்டரில் அடாப்டர் வைத்து மூடியைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

படி 5: பிரஷர் டெஸ்ட்

சர்வீஸ் சென்டரில் மூடி இருந்த இடத்தில் கைப்பம்ப் பொருத்தி, மூடியில் உள்ள எண் வரை மட்டும் அழுத்தம் ஏற்ற வேண்டும். அதைத் தாண்டினால் நன்றாக இருந்த மூட்டும் கெடும். 15 நிமிடம் பம்பின் அழுத்த முள் அசையக் கூடாது.

இங்கேதான் பல லீக்குகள் தப்பிக்கின்றன. ரப்பர், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. சில மூட்டுகள் குளிர்ந்தால் மட்டும் கசியும், சூடானதும் இறுகிக்கொள்ளும். சில இதற்கு நேர்மாறு. வண்டியை ஓட்டிவந்த சூட்டோடு ஒருமுறை சோதித்துவிட்டு "லீக் இல்லை" என்றால், அது பாதிச் சோதனைதான். ஒரு இரவு வண்டியை அங்கேயே விட்டு, காலையில் குளிர்ந்த எஞ்சினிலும் சோதிக்கச் சொல்லுங்கள்.

அப்படியும் கிடைக்காவிட்டால் யூவி (புறஊதா) சாயம். கூலன்டில் கலந்து சில நாள் ஓட்டியபின் யூவி டார்ச் அடித்தால் கசிந்த இடம் மின்னும். வாரன்டி உள்ள காரில் இதை நீங்களே ஊற்றாமல், அவர்கள் கையால் ஊற்றச் செய்து பதிவும் செய்யுங்கள்.

படி 6: வெளியே இல்லையென்றால் உள்ளே

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி எஞ்சின் உதறிவிட்டு சரியாகிறதா? நன்கு சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெண்புகை வருகிறதா? குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) மேல் சந்தேகம் வர வேண்டும். இதற்கு ரசாயனச் சோதனை இருக்கிறது. டேங்கின் மேல் உள்ள காற்றை நீலத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். எரிப்பு வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும்.

ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற நுரை இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் சாதாரண ஈரமே அப்படி நுரைக்கும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) ஆயிலே பால் நிறமாக இருந்தால்தான் விஷயம் பெரிது, அப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

டீசல் காரில் ஈஜிஆர் கூலரையும் (எஞ்சினுக்கே திரும்பிப் போகும் புகையைக் கூலன்டால் குளிர்விக்கும் பாகம்) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் புகையோடு போய்விடும். ஆயில் சுத்தமாக இருக்கும், தரையும் காய்ந்திருக்கும்.

படி 7: ஊற்றத்தான் வேண்டுமென்றால்

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி கிடையாது. கார் கையேட்டில் உள்ள தர எண்ணைப் பாருங்கள். வகை மாற்றிக் கலந்தால் துரு தடுக்கும் சக்தி குறையும், சில கலவைகள் கொழகொழவென்று திரளவும் செய்யும். கலந்தே விற்கப்படுவதா, தண்ணீர் சேர்க்க வேண்டியதா என்று லேபிளில் பாருங்கள். சேர்க்க வேண்டியது என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், கையேடு வேறு சொல்லாதவரை பாதிக்குப் பாதி.

வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும்? பாதிக்குப் பாதி கலந்த 6 லிட்டரில் 1 லிட்டர் போய், அதைத் தண்ணீரால் நிரப்பினால் கிளைகால் 50 சதவீதத்திலிருந்து சுமார் 42க்கு இறங்கிவிடும்.

ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் அளந்து, மேக்ஸ் கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள். எத்தனை மில்லி என்பதையும் எழுதிவிடுங்கள். டேப்பில் உள்ள கோடுகளுக்கு அப்போதுதான் மில்லிக் கணக்கு கிடைக்கும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஒன்றுக்கு மேற்பட்ட டேங்க் இருக்கலாம், கூலன்டும் வேறு வகையாக இருக்கலாம். எது எதற்கு என்று பார்க்காமல் மூடியைத் திறக்காதீர்கள்.

லீக் அடைக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். ஹீட்டர் கோரின் நுண்குழாய்களையும் சேர்த்தே அது அடைக்கும். வாரன்டி கோரிக்கையை மறுக்கவும் காரணம் கொடுக்கும்.

படி 8: சர்வீஸ் சென்டரில்

மட்டம் குறைந்த நிலையிலேயே கொண்டுபோங்கள். ஓட்டிப்போக முடியாத அளவு குறைந்திருந்தால் வண்டியை ஏற்றிப்போகச் சொல்லுங்கள். ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலையை எழுதும் சீட்டு) "கூலன்ட் செக்" என்று எழுத விடாதீர்கள். "குளிர்ந்த நிலையில் 500 கி.மீ.க்கு இத்தனை மில்லி குறைகிறது, பிரஷர் டெஸ்ட் சூட்டிலும் குளிரிலும் செய்து அளவைத் தரவும்" என்று எழுதச் சொல்லி, நகல் வாங்குங்கள். ஊற்றி மட்டும் அனுப்பினாலும், எத்தனை மில்லி ஊற்றினார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். அதே குறை இரண்டாவது முறை பதிவானால் பேச்சின் தொனியே மாறும்.

சரிசெய்து வந்த பிறகு, உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதால் முதல் சில நாள் மட்டம் லேசாக இறங்கலாம். அதன்பின் கோடு நிற்க வேண்டும். அடுத்த 1000 கி.மீ. வரை அந்த டேப்பை டேங்கிலிருந்து உரிக்காதீர்கள்.