வலிக்கலையேன்னு விட்டுடாதீங்க: மார்பை நாமளே தடவிப் பாக்குறது எப்படி

எனக்கு மார்புல கட்டி தட்டுப்பட்டது குளிக்கும்போது, சோப்பு போட்ட கையில. புளியங்கொட்டை சைஸ், அமுக்குனா வலியே இல்ல. பொண்ணுக்கு பப்ளிக் எக்ஸாம், மாமியாருக்கு கண் ஆபரேஷன், அப்புறம் பாத்துக்கலாம்னு மூணு மாசம் ஓட்டிட்டேன். மார்புப் புற்றுநோய் ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காதுங்க, அதுலதான் எல்லாரும் ஏமாந்து போறோம். எங்க வம்சத்துல யாருக்குமே இல்லையேன்னு வேற நினைச்சேன், இது வர்ற நிறைய பேருக்கு வீட்ல முன்னாடி யாருக்கும் இருந்திருக்காதாம்.

பீரியட்ஸ் ஆரம்பிச்சு ஏழுலேர்ந்து பத்து நாளுக்குள்ள பாருங்க, அதுக்கு முன்னாடி பாத்தா மார்பு கனத்துப்போய் எல்லாமே கட்டி மாதிரி இருக்கும். நின்னுபோனவங்க பால்காரருக்கு பணம் குடுக்குற தேதின்னு வச்சுக்கோங்க, மறக்காது.

முதல்ல கண்ணாடி முன்னாடி நில்லுங்க. கையை இடுப்புல வச்சு, அப்புறம் தலைக்கு மேல தூக்கி. தோல் எங்கயாவது குழி விழுதா, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா இருக்கா, காம்பு புதுசா உள்ள இழுத்திருக்கா, ரத்தமா ஏதாவது கசியுதா, இதான் பாக்கணும். அப்புறம் படுத்துக்கிட்டு தோளுக்கு அடியில சின்ன தலகாணி வச்சு, எதிர்க்கை மூணு விரலோட சதைப்பகுதியால (நுனியால குத்தாதீங்க) சின்ன சின்ன வட்டமா, முதல்ல லேசா, அப்புறம் கொஞ்சம் அழுத்தி, அப்புறம் நல்லா அழுத்தி. காரை எலும்புலேர்ந்து அக்குள் வரைக்கும். அக்குளை நிறைய பேரு விட்டுடுறாங்க.

ஏதாவது தட்டுப்பட்டா பதறாதீங்க, முக்காவாசி கட்டி சாதா கட்டிதான், ஆனா அதை நீங்களே முடிவு பண்ணாதீங்க, அந்த வாரமே டாக்டரைப் பாருங்க. சின்ன வயசுக்காரங்களுக்கு மார்பு அடர்த்தியா இருக்கும், மேமோல (மார்பை அமுக்கி எடுக்குற எக்ஸ்ரே, மேமோகிராம்) சரியா தெரியாது, அதனால அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் முதல்ல எடுப்பாங்க. ரிப்போர்ட்ல பைராட்ஸ்னு ஒரு நம்பர் இருக்கும், எவ்வளவு சந்தேகப்படணும்னு சொல்றது அது, 4, 5னா பயாப்ஸி (கட்டியிலேர்ந்து ஊசியால துளி சதை எடுத்து டெஸ்ட் பண்றது) பண்ணியே ஆகணும். ஊசி குத்துனா பரவிடும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லுவாங்க, எனக்கும் சொன்னாங்க, அதெல்லாம் பரவாது. நேரா கட்டியை வெட்டி எடுத்துடலாம்னு யாராவது சொன்னாதான் உஷாராகணும், முதல்ல ஊசி பயாப்ஸி பண்ணலாமான்னு கேளுங்க, ஏன்னா என்ன வகைன்னு தெரிஞ்சாதான் ஆபரேஷன் முதல்லயா கீமோ முதல்லயான்னு முடிவு பண்ண முடியும்.

கைக்கு ஒண்ணுமே தட்டுப்படலன்னாலும் 40 தாண்டினவங்க மேமோ பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, விரலுக்கு சிக்காததெல்லாம் அதுல தெரியும். 30 தாண்டினவங்களுக்கு நம்ம ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே நர்ஸம்மா ஃப்ரீயா பரிசோதிச்சுப் பாப்பாங்க. மேமோ எடுக்கப் போற அன்னைக்கு அக்குள்ல பவுடர், ஸ்ப்ரே எதுவும் போடாதீங்க, ஃபிலிம்ல புள்ளியா விழும். அமுக்கும்போது கொஞ்சம் வலிக்கும், சில செகண்டுதான். பழைய ஃபிலிமைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அடுத்த தடவை ரெண்டையும் பக்கத்துல வச்சுத்தான் என்ன மாறியிருக்குன்னு பாப்பாங்க, என்னோடது பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில இருக்கு.