தேய்ந்த ஜீப் ஆக்சில்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

1997 முதல் 2006 வரை வெளிவந்த ஜீப் ராங்ளர் டிஜே வண்டிகள் பலவற்றில் பின்புறம் டானா 35 என்ற வகை ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கிச் சுழற்றும் அச்சு) இருக்கும். அதில் இரைச்சல் கேட்டால், முதலில் டிஃபரன்ஷியல் (இருபுறச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) மூடியைக் கழற்றி, வடியும் எண்ணெயை விரலில் தேய்த்துப் பாருங்கள். மைபோல் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தால் அது வழக்கமான தேய்மானம். உலோகச் சில்லுகள் தட்டுப்பட்டால் பல்சக்கரமோ பேரிங்கோ சிதையத் தொடங்கியிருக்கலாம். இந்த ஆக்சிலில் சக்கர பேரிங்கின் உருளைகள் நேராக ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின்) மேலேயே ஓடுவதால், ஷாஃப்டை உருவி அந்த இடத்தில் நகத்தை ஓட்டும்போது பள்ளம் தட்டினால், பேரிங்கோடு ஷாஃப்டையும் மாற்றியாக வேண்டும்.

31 அங்குல டயரோடு நிற்பவர்களுக்குப் பழுதுபார்ப்பே போதும். லாக்கரும் (இருபுறச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலப் பூட்டும் கருவி) 33 அங்குல டயரும் போட எண்ணுபவர்கள் இதில் பணம் கொட்டுவது, என் பார்வையில், வீண்செலவு: இதன் ஷாஃப்டின் முனையில் 27 பற்களே உள்ளன (பற்கள் கூடினால் ஷாஃப்ட் தடித்து வலுவும் கூடும்); 1995–2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்சிலிலோ 31 பற்களும் டிஸ்க் பிரேக்கும் கிடைக்கும். ஆனால் அந்த ஆக்சிலை ஜீப்பில் பொருத்தும் பிராக்கெட்டுகளைப் புதிதாக வெல்டிங் செய்யவேண்டும் என்பதோடு, கியர் விகிதம் முன் ஆக்சிலோடு பொருந்தாவிட்டால் நான்கு சக்கர ஓட்டத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இன்ஜின் விசையைப் பிரிக்கும் பெட்டி) பழுதாகிவிடும்; அந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.