மத்தி மீனின் கொழுப்பை மாதந்தோறும் அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குப்பியில் தேதி எழுத மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். ஆண்டு முடிந்த பிறகு தலைகாட்டும் தவறுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

எதில் சதவீதம்?

மேற்குக் கரை மத்தி தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் முட்டையிடும். சேமித்த கொழுப்பெல்லாம் சினைக்குப் போய்விடுவதால் அப்போது மெலிந்திருக்கும். அதே பருவத்தில் ஆழத்து நீர் மேலெழுந்து டயாட்டம் பாசிகள் பெருகும். அவற்றை மேய்ந்து ஐப்பசி, கார்த்திகையில் நெய் வழியக் கொழுத்துவிடும்.

இதெல்லாம் தெரிந்த மாணவர் ஒருவர், ஆடி மாதத்து மத்தியில்தான் டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் அதிகம் என்று வரைபடம் போட்டுக்கொண்டு வந்தார். கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபி கருவி பொய் சொல்லவில்லை. மொத்தக் கொழுப்பு அமிலங்களில் ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்பதை மட்டுமே அது சொன்னது. மெலிந்த மீனில் மிஞ்சுவது பெரும்பாலும் செல்சவ்வுகளில் உள்ள பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு வகை; டி.எச்.ஏ. அதில் செறிந்திருக்கும். மீன் கொழுக்கும்போது சேமிப்புக் கொழுப்பு பெருகி அந்தப் பங்கை அமுக்கிவிடுகிறது.

ஒரு கணக்குக்காக, கொழுப்பில் 90 சதவீதம் கொழுப்பு அமிலங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆடி மீனில் கொழுப்பு 3%, டி.எச்.ஏ. பங்கு 18% என்றால், 100 கிராம் சதையில் இருப்பது சுமார் 0.49 கிராம். ஐப்பசி மீனில் கொழுப்பு 14%, பங்கு 9% என்றால் 1.13 கிராம். பங்கு பாதியாகிறது; சாப்பிடுகிறவருக்குக் கிடைப்பதோ இரு மடங்குக்கும் மேல்.

மொத்தக் கொழுப்பின் எடை எங்கே என்று கேட்டேன். குறித்துவைக்கவில்லை. ஒப்பிட்டு அளக்க, அளவு தெரிந்த ஒரு பொருளை மாதிரியில் கலப்பார்களே, அந்த இன்டர்னல் ஸ்டாண்டர்டும் சேர்க்கவில்லை. மீனும் தீர்ந்துவிட்டது. ஓராண்டு உழைப்பில் கிராம் கணக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. “எல்லாரும் இப்படித்தானே சார் போடுகிறார்கள்” என்றார். போடுகிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

எப்போதும் பிளை-டையர்

சதையிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுக்க பிளையும் டையரும் 1959-இல் கொழுப்பு குறைந்த காட் மீனை வைத்து வகுத்த முறை அது. கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டினால் அளவைக் குறைத்துக் காட்டும். கொழுத்த மாதங்களில்தான் இழப்பு அதிகம் என்பதால் பருவ ஏற்றமே மழுங்கிவிடும். குளோரோஃபார்ம் அதிகம் பிடிக்கும் ஃபோல்ச் பிரித்தெடுப்பு முறைக்கு மாறுங்கள். அந்தச் செலவுக்கு அழாதீர்கள்.

சூடையைக் கலப்பது

மத்தியின் உறவுதான் சூடை, ஆனால் வேறு இனம். வேண்டாம்.

வயிற்றுச் சதையை எறிவது

கொழுப்பு தங்குவதே அங்கேதான்.

வாங்கிய தேதியே பிடித்த தேதி

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்நாட்களில் சந்தைக்கு வரும் மத்தி குளிர்பதனக் கிடங்கில் கிடந்த போன பருவத்து மீனாகவும் இருக்கலாம். நாட்டுப்படகு கரைசேரும்போதே போய் வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் சொல்வார்கள்.