ரெட்டா மஞ்சளா? டேக்கிள் பாத்து நாமளே கணிக்கிறது எப்படி

ஃபுட்பால் மேட்ச்ல ஒரு டேக்கிள்ல (எதிராளிகிட்டேருந்து பாலைப் பறிக்க காலை விடுறது) எவனாவது கணுக்காலைப் புடிச்சிக்கிட்டு உருண்டா டிவி முன்னாடி பாதிப்பேரு "ரெட்டு ரெட்டு"ன்னு குதிப்பாங்க, மீதிப்பேரு "டேய் பால்லதான்டா முதல்ல பட்டுச்சு"ம்பாங்க. ரெண்டு பேரு சொல்றதும் ரூல் புக்குல கிடையாது.

ரூல் 12 சொல்றது இவ்ளோதான்: கவனமில்லாம போய் இடிச்சா வெறும் ஃபவுல், எதிராளிக்கு என்ன ஆகும்னு கண்டுக்காம போனா மஞ்சள் கார்டு (எச்சரிக்கை), அளவுக்கு மீறின பலத்தோட போனாலோ அவனுக்கு ஆபத்து வர்ற மாதிரி போனாலோ ரெட் கார்டு (ஆளு வெளிய). முன்னாடி, பக்கவாட்டுல, பின்னாடி எங்கேருந்து பாஞ்சாலும் அதேதான்.

சரி, எதைப் பாக்கணும்? பாலை விட்டுட்டு டேக்கிள் போடுறவன் காலைப் பாருங்க. பூட்ஸுக்கு அடியில இருக்குற ஸ்டட்ஸ் (குமிழ்கள்) எதிராளி பக்கம் திரும்பியிருக்கா, முழங்கால் மடங்கியிருக்கா இல்ல விறைப்பா நீட்டிக்கிட்டு போகுதா, எவ்ளோ தூரத்துலேருந்து பாஞ்சான், ரெண்டு காலும் தரையை விட்டுடுச்சா. ரெண்டு காலும் அந்தரத்துல இருந்தா அவனே நெனச்சாலும் நிறுத்த முடியாது, அங்கேயே பாதி ரெட்டு. அப்புறம் எங்க பட்டுச்சுன்னு பாருங்க, பாதத்துல லேசா மிதிச்சது வேற, கணுக்காலுக்கு மேல முழு வெயிட்டோட ஸ்டட்ஸ் இறங்குறது வேற.

2010 வேர்ல்ட் கப் ஃபைனல்ல நெதர்லாந்து டி யோங் உதைச்சது ஸ்பெயின் சாபி அலோன்சோவோட நெஞ்சுல! அதுக்கே மஞ்சள்தான் வந்துச்சு, ரெஃப்ரி ஹோவர்ட் வெப்புக்கு வேற ஆளு மறைச்சிருச்சு, ரெட் குடுத்திருக்கணும்னு பின்னாடி அவரே சொன்னாரு. அப்போ விஏஆர் (வீடியோ பாத்து ரெஃப்ரிக்கு உதவுற ஏற்பாடு) கிடையாது.

பால்ல பட்டா தப்பிச்சுடலாமான்னா, 2023ல டோட்டன்ஹாம் கூட ஆடுனப்போ லிவர்பூல் கர்டிஸ் ஜோன்ஸ் பாலைத்தான் முதல்ல தொட்டான், கால் பால் மேல உருண்டு போய் பிசூமா கணுக்கால்ல இறங்கிருச்சு. முதல்ல மஞ்சள், கிரவுண்டு ஓரத்துல இருக்குற மானிட்டர்ல ரீப்ளே பாத்துட்டு ரெட். ஆனா மானிட்டர்ல ரெஃப்ரிக்கு முதல்ல காட்டுனதே அப்படியே நிறுத்தி வச்ச படம், எனக்கு அதுலதான் கடுப்பு. ஸ்லோ மோஷன்ல எல்லா டேக்கிளும் கொலை முயற்சி மாதிரிதான் தெரியும். எங்க பட்டுச்சுன்னு பாக்க மட்டும் ஸ்லோ மோஷன், எவ்ளோ வேகம்னு பாக்க நார்மல் ஸ்பீடுன்னு விஏஆர் விதியிலேயே இருக்கு, நீங்களும் ரீப்ளேவை அப்படியே பாருங்க.

எவ்ளோ பெரிய காயம்ங்கறதை வச்சும் முடிவு பண்ணாதீங்க. 2019ல டோட்டன்ஹாம் சோன் ஹியூங் மின் பின்னாடியிலேருந்து தட்டிவிட்டதுல எவர்டன் ஆந்த்ரே கோமஸ் தடுமாறி, இன்னொரு டோட்டன்ஹாம் ஆளு ஓரியே மேல மோதி கணுக்கால் போச்சு. மஞ்சள் எடுத்த ரெஃப்ரி அந்தக் காலைப் பாத்ததும் ரெட் ஆக்கிட்டாரு, அப்புறம் இங்கிலாந்து ஃபுட்பால் சங்கமான எஃப்ஏ அந்த ரெட்டை ரத்து பண்ணிருச்சு. அந்த டேக்கிள் சாதா மஞ்சள்தான், நடந்தது கெட்ட நேரம்.

வேணும்னே பண்ணலன்னு சொல்றதும் செல்லாது. 2013ல ரியல் மாட்ரிட் மேட்ச்ல மான்செஸ்டர் யுனைடெட் நானி பாலை மட்டுமே பாத்துட்டு காலைத் தூக்குனான், மாட்ரிட் ஆளு ஆர்பெலோவா வந்ததே தெரியாது, ஆனாலும் ரெட். மான்செஸ்டர் ஃபேன்ஸுக்கு இன்னிக்கும் ஆறல. எனக்கும் மஞ்சள் போதும்னுதான் தோணுது, ஆனா ரூல் ரெஃப்ரி பக்கம் நிக்க இடம் குடுக்குது.

கோல் சான்ஸைத் தடுத்ததுக்கு வர்ற ரெட் தனிக் கணக்கு, அதுல லேசா சட்டையைப் புடிச்சு இழுத்தாலே போதும். பாக்ஸுக்குள்ள பாலை எடுக்கத்தான் ட்ரை பண்ணான்னா மட்டும் 2016லேருந்து பெனால்டியோட மஞ்சள்.

இன்னொண்ணு, விஏஆர் செக் முடிஞ்சு மஞ்சள் மாறலேன்னா "பாத்தியா, மஞ்சள்தான் கரெக்ட்"னு சண்டைக்குப் போகாதீங்க. தெளிவா தெரியற தப்பா இருந்தாத்தான் விஏஆர் உள்ள வரும், அதனால ரெண்டுங்கெட்டான் டேக்கிளுக்கு கிரவுண்டுல குடுத்தது எதுவோ அதுவே நிக்கும், ரெட் குடுத்திருந்தாலும் நின்னிருக்கும்.